வாகைகுளமா, மதுரையா, திருவனந்தபுரமா, இல்லை பேசாமல் ரயிலா?

வாகைகுளம் விமான நிலையத்தில் புது முனையம் திறந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் யார் வெளியூர் கிளம்பினாலும் முதலில் கேட்பது இதைத்தான்: “இனிமே இங்கனயே ஏறிடலாம்லா?” கேட்பது நியாயம்தான். 2025 ஜூலை 26 அன்று பிரதமர் வந்து திறந்துவைத்த கட்டடம் அது. செலவு 450 கோடி ரூபாய் அளவில், பரப்பு 17,340 சதுர மீட்டர், ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகள் வந்துபோகலாம் என்று கணக்கு. 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. பெயர் தூத்துக்குடி விமான நிலையம் என்றாலும் நெல்லை, தென்காசி மாவட்டங்களுக்கும் சேர்த்து இதுதான் விமான நிலையம். சுற்றிலும் கிராமம், காடு, கொஞ்சம் தள்ளி வல்லநாட்டு வெளிமான்கள்.

ஆனால் நீண்ட ஓடுதளத்தில் என்ன இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைக்கும் பெரும்பாலும் இரட்டை விசிறி வைத்த சின்ன விமானங்கள்தான். இண்டிகோவின் ஏடிஆர் ரக விமானம் என்றால் 78 இருக்கை. நேரடியாகப் போகும் ஊர்கள் என்று பார்த்தால் சென்னை, பெங்களூர். ஆகவே “இங்கனயே ஏறிடலாமா” என்பதற்கு ஒரே பதில் கிடையாது. எந்த ஊருக்கு, எதற்காக, எத்தனை கிலோ பெட்டியோடு போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல முடியும். இது எல்லாவற்றுக்கும் முன்னால் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த விமானம் போகாவிட்டால் உங்களுக்கு அடுத்தது என்ன? சின்ன விமான நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதா வேண்டாமா என்பதில் பாதிக்கு மேல் அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும்.

என் கணக்கெல்லாம் சாத்தான்குளம், நாசரேத், உடன்குடி பக்கத்திலிருந்து போட்டது. மற்ற ஊர்க்காரர்களுக்குக் கடைசியில் வருகிறேன்.

சென்னைக்கு

முதலில் நேரம். சாத்தான்குளத்திலிருந்து நாசரேத், ஸ்ரீவைகுண்டம் வழியாக வாகைகுளம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். விமானம் ஏறுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னதாக அங்கே இருந்தால் போதும். பயணிகள் கூட்டம் குறைவு என்பதால் சோதனை வரிசையில் வேர்த்து விறுவிறுத்து நிற்க வேண்டியதில்லை. பறக்கும் நேரம் ஒன்றரை மணி. சென்னையில் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. மொத்தம் வீட்டு வாசலிலிருந்து மீனம்பாக்கம் வாசல் வரை நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். வேளச்சேரி, தாம்பரம், குரோம்பேட்டை என்றால் அங்கிருந்து பக்கம். அண்ணா நகர், பெரம்பூர் என்றால் இன்னொரு ஒரு மணி நேரம். மெட்ரோ விமான நிலையத்துக்குள்ளேயே வருகிறது, பெட்டி சின்னதாக இருந்தால் அதுவே சுகம்.

இதோடு மதுரையை ஒப்பிட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். எங்கள் பக்கத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு மூன்றரை மணி நேரம் காரில் போக வேண்டும். அப்புறம் காத்திருப்பு, ஒரு மணி நேரத்துக்கு மேல் பறப்பு, சென்னையில் பெட்டி. ஏறக்குறைய ஏழு மணி நேரம். நெல்லையிலிருந்து வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் எழும்பூரில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. டாக்ஸிக்காரர் மதுரையிலிருந்து காலியாகத் திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்துத்தான் பணம் கேட்பார். அதோடு கயத்தாறு பக்கம் சாலைப்புதூர், சாத்தூர் பக்கம் எட்டூர்வட்டம் என்று சுங்கச்சாவடிகள். மதுரையில் டிக்கெட் ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கிறது என்று செல்போனில் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இந்தக் காசைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான்கு பேர் ஒரே காரில் போனால் கொஞ்சம் ஈடுகட்டலாம். ஒற்றை ஆளாக மதுரை போய்ச் சென்னைக்குப் பறப்பது நெல்லைக்குத் தெற்கே இருக்கிற யாருக்கும் ஆகாது என்பது என் முடிவு.

ஆக, சென்னைக்கு உண்மையான போட்டி வாகைகுளத்துக்கும் ரயிலுக்கும்தான்.

ரயிலில் இரண்டு வகை. ஒன்று, இரவு வண்டிகள்: நெல்லையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ், தூத்துக்குடியிலிருந்து முத்துநகர், திருச்செந்தூரிலிருந்து செந்தூர். இதில் நெல்லையும் முத்துநகரும் இரவுச் சாப்பாட்டை முடித்து ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர். பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று காகிதத்தில் இருந்தாலும் அதில் பெரும்பகுதி தூங்குகிற நேரம். ஒரு நாள் வேலையும் கெடாது, லாட்ஜ் செலவும் மிச்சம். இரண்டாவது வந்தே பாரத். 2023 செப்டம்பர் 24-ல் நெல்லை–எழும்பூர் தொடங்கியது, காலை ஆறு மணி வாக்கில் கிளம்பி மதியம் இரண்டுக்கு முன்னால் சென்னை. சேர் கார் 1,700 ரூபாய் அளவில், சாப்பாடு உட்பட. நல்ல வண்டிதான், ஆனால் ஆறு மணிக்கு நெல்லை ஜங்ஷனில் நிற்க வேண்டுமானால் எங்கள் ஊரிலிருந்து நாலரைக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது, கார்தான். 2024 ஆகஸ்ட் 31-ல் தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத் மதியத்துக்கு மேல் நெல்லை வழியாகப் போகிறது, ஆனால் அதில் போனால் சென்னையில் இறங்கும்போது நடு ராத்திரி நெருங்கிவிடும்.

விலை என்று வந்தால் ரயிலை அடிக்கவே முடியாது. ஸ்லீப்பர் டிக்கெட் விலைக்கு விமான நிலையம் போகிற டாக்ஸிகூட வராது. வாகைகுளத்தில் பிரச்சினை என்னவென்றால் இருக்கை குறைவு. 180 பேர் ஏறுகிற விமானத்தில் கடைசி நேரத்திலும் பத்து இருபது இடம் நியாயமான விலையில் கிடக்கும். 78 பேர் ஏறுகிற விமானத்தில் ஒரு கல்யாணக் கோஷ்டி சேர்ந்து பதிவு செய்தாலே விலை எகிறிவிடும். பொங்கல், தீபாவளிக்கு முந்தின இரண்டு மூன்று நாட்களில் சென்னை–தூத்துக்குடி டிக்கெட் பத்தாயிரத்தைத் தாண்டுவது வருஷா வருஷம் பத்திரிகையில் வருகிற செய்தி. அந்த நாட்களுக்கு ரயிலில் 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கும் காலையிலேயே உட்கார்ந்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். அதைத் தவறவிட்டால் தட்கல்: முந்தின நாள் குளிர்சாதன வகுப்புக்குப் பத்து மணி, மற்றதற்குப் பதினொரு மணி. பண்டிகை நாளில் அது லாட்டரி.

அப்படியானால் சென்னைக்கு விமானம் எப்போது தகும்? என் அனுபவத்தில் மூன்று சந்தர்ப்பங்களில் தயங்காமல் போடலாம்.

ஒன்று, போன அன்றைக்கே திரும்ப வேண்டும் என்றால். உயர் நீதிமன்றத்தில் ஒரு கையெழுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் மறு பரிசோதனை, தலைமைச் செயலகத்தில் ஒரு ஆளைப் பார்ப்பது. காலை விமானத்தில் போய் சாயங்கால விமானத்தில் வந்துவிடலாம். ரயிலில் இதே வேலைக்கு இரண்டு இரவு. ஆனால் சென்னையிலிருந்து திரும்பி வரும் கடைசி விமானம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் போகிற டிக்கெட்டையே போட வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த புகல் கிளாம்பாக்கத்தில் ஆம்னி பஸ்தான்.

இரண்டு, வயதானவர்கள். ராத்திரி முழுக்க அடிக்கடி எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டிய பெரியம்மாவை ரயில் பெட்டியில் நடத்திக் கூட்டிப்போவது என்ன பாடு என்பது பட்டவர்களுக்குத் தெரியும். விமானத்தில் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று குறித்துவிட்டால் காசில்லாமல் வாசலிலிருந்து கூட்டிப்போவார்கள். சின்ன நிலையம் என்பதால் உள்ளே தூரமும் குறைவு. ஏடிஆரில் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. முன்பக்கம், விமானிகளுக்குப் பின்னால், சரக்கு வைக்கிற இடம். உள்ளே இரண்டும் இரண்டுமாக இருக்கை, நடு இருக்கை என்ற தொந்தரவே கிடையாது. றெக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் கீழே தெரியும். சரியான பக்கம் அமைந்தால் தூத்துக்குடி உப்பளங்கள் பாத்தி பாத்தியாக வெள்ளையும் செம்மண் நிறமுமாக விரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். விசிறிக்கு நேரே உள்ள வரிசைகளில் இரைச்சல் அதிகம், பெரியவர்களுக்குப் பின்வரிசை கேளுங்கள், இறங்கவும் சுலபம். தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடம் ரொம்பச் சின்னது. சக்கரம் வைத்த கைப்பெட்டியைப் பெரும்பாலும் ஏறும் இடத்திலேயே வாங்கிச் சரக்கு வைக்கிற இடத்தில் போட்டுவிடுவார்கள். மாத்திரை, ரிப்போர்ட், மூக்குக்கண்ணாடி எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தால் முன்னாலேயே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று, துஷ்டி. அப்பாவோ அம்மாவோ போய்விட்டார்கள் என்று சென்னையில் இருக்கிற பிள்ளைக்குக் காலையில் சேதி வந்தால் டிக்கெட் விலையை யாரும் பார்ப்பதில்லை. சாயங்காலம் எடுப்பதற்குள் வந்து சேர வாகைகுளம் விமானம்தான் வழி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சேதி ராத்திரி பத்து மணிக்கு வந்தால் மறுநாள் முதல் விமானத்துக்காகக் காத்திருக்காதீர்கள். 600 கிலோமீட்டர், நாலு வழிச் சாலை. உடனே காரில் கிளம்பினால் விடிந்து கொஞ்ச நேரத்தில் ஊர் வந்துவிடலாம். முதல் விமானத்தில் வருகிறவரும் ஏறக்குறைய அதே நேரத்துக்குத்தான் வீடு சேருவார், அதுவும் விமானம் சரியாகக் கிளம்பினால். துக்கத்தில் இருக்கிறவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்காமல் டிரைவரை வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் போகாவிட்டால்

சென்னை–டெல்லி விமானம் ஒன்று ரத்தானால் அன்றைக்கே வேறு பல விமானம் இருக்கும். வாகைகுளத்தில் ஒன்று ரத்தானால் அடுத்ததில் எல்லோருக்கும் இடம் கிடைக்காது. ஏடிஆர் ஒன்று காலையிலிருந்து சின்ன ஊர்களுக்கு மாறி மாறிப் போய்வருகிற வண்டி. காலையில் எங்கோ ஒரு மணி நேரம் தாமதமானால் சாயங்காலம் நம் ஊர்ப் பயணத்தில் அது இரண்டு மணி நேரமாகிவிடும். ஆகவே வாகைகுளத்தில் காலை விமானத்தை நம்புங்கள், மாலை விமானத்தைக் கொஞ்சம் குறைத்து நம்புங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். இங்கே வானம் தெளிவாக இருந்தாலும் சென்னையில் புயல் என்றால் விமானம் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று சென்னை விமான நிலையத்தையே மூடிவைத்த நாட்கள் உண்டு. இங்கே மேகம் தாழ்ந்து ஓடுதளம் தெரியாமல் போனால் மதுரையில் கொண்டுபோய் இறக்கிவிடுவதும் நடக்கும். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானிகள் ஓய்வு நேர விதி மாறியபோது இண்டிகோ விமானங்கள் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் ரத்தாயின. பெரிய நகரத்துக்காரர் இன்னொரு நிறுவனத்தைத் தேடினார். ஒரே நிறுவனத்தைப் பெரிதும் நம்பியிருக்கிற ஊர்க்காரருக்குத் தேடுவதற்கு அதிகம் இல்லை.

ரயில் மட்டும் உத்தரவாதமா என்றால், அதுவும் இல்லை. 2023 டிசம்பர் 17-ம் தேதி காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இல்லை. நூற்றுக்கணக்கான பேர் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் அது நூற்றாண்டு மழை. சாதாரணக் கார்த்திகை மழைக்கு ரயில் கொஞ்சம் தாமதமாகவாவது வந்துசேரும், ஏடிஆர் யோசிக்கும்.

விதி என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், கவுண்டரில் கேட்க உதவும். சென்னை, பெங்களூர் போன்ற குறுகிய பயணத்துக்கு இரண்டு மணி நேரத் தாமதமானால் சிற்றுண்டி அல்லது சாப்பாடு தர வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். ரத்தானாலும் அப்படித்தான். வானிலை காரணம் என்றால் இழப்பீடு மட்டும் கிடையாது. பணம் திரும்பி வரும், ஆனால் நீங்கள் போக வேண்டிய வேலை அந்தப் பணத்தால் நடக்காது. அதனால்தான் நேர்முகத் தேர்வு, பரீட்சை, விசா நேர்காணல் போன்றவற்றுக்கு நான் சொல்வது: முந்தின நாள் ராத்திரி ரயிலில் போய்விடுங்கள். விமானம்தான் வேண்டும் என்றால் முந்தின நாள் காலை விமானம்.

பெங்களூருக்கு

இதற்கு ஒரு கேள்வி போதும்: பெங்களூரில் எந்த மூலை? விமான நிலையம் இருப்பது வடக்கே தேவனஹள்ளியில். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் இருப்பது தெற்கே எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, பிடிஎம் லேஅவுட் பக்கம். தேவனஹள்ளியிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாயங்கால நெரிசலில் போவதற்கு, வாகைகுளத்திலிருந்து பறந்து வந்ததைவிட அதிக நேரம் ஆகும். ஓசூர் வழியாக வருகிற ஆம்னி பஸ் விடியற்காலையில் எலக்ட்ரானிக் சிட்டி வாசலிலேயே இறக்கிவிடும். தூத்துக்குடியிலிருந்து மைசூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, மாலை ஏறினால் காலையில் பெங்களூர். ஹெப்பால், எலஹங்கா பக்கம் வீடு என்றால் மட்டும் விமானம்.

மும்பைக்கோ டெல்லிக்கோ பறக்கச் சென்னை, பெங்களூர் எதில் மாறுவது என்று கேட்டால், நேரம் பொருந்துகிற பக்கம் மாறுங்கள். ஆனால் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். அதைப் பற்றி அடுத்ததில் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வளைகுடாவுக்கு

துபாய், ஷார்ஜா, மஸ்கட், தோஹா போகிறவர்களுக்கு என் சிபாரிசு திருவனந்தபுரம். எங்கள் ஊர்க்காரர்கள் பல காலமாக அப்படித்தான் போய்வருகிறார்கள், காரணம் இல்லாமல் இல்லை.

வாகைகுளத்தில் சுங்கம், குடியேற்றம் எதுவும் இல்லை, அது உள்நாட்டு நிலையம். அங்கிருந்து ஏறிச் சென்னையிலோ பெங்களூரிலோ மாறி வளைகுடா போகலாம். போகும்போது ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை, பெட்டிக்குக் கடைசி ஊர் வரை சீட்டு ஒட்டிவிடுவார்களா என்று கவுண்டரில் கேட்டுக்கொண்டால் போதும். வரும்போதுதான் விஷயம் இருக்கிறது. இந்தியாவில் முதலில் இறங்குகிற ஊரிலேயே குடியேற்றம், பெட்டி, சுங்கம் மூன்றும் முடித்தாக வேண்டும். அதாவது 30 கிலோ பெட்டியைச் சென்னையில் எடுத்து, வெளியே வந்து, உள்நாட்டு முனையத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் மறுபடி போட வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் உள்நாட்டு விமானத்தின் கணக்கு 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் பணம். இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வருகிறவர் கொண்டுவருகிற பால்மாவு, சோப்பு, போர்வை எல்லாவற்றின் விலையையும் சேர்த்தால்கூட அந்தப் பணம் அதிகமாகத் தெரியும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், தனி டிக்கெட்காரரைப் பற்றி இரண்டாவது நிறுவனத்துக்குக் கவலை இல்லை, போன காசு போனதுதான்.

திருவனந்தபுரத்தில் இறங்கினால் பெட்டியை எடுத்து நேரே காரில் ஏற்றலாம். எங்கள் பக்கத்திலிருந்து மூன்றரை மணி நேரம். நாகர்கோவில் தாண்டியதும் களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று சாலை குறுகி வண்டி ஊரும். கிலோமீட்டரைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போட்டால் கண்டிப்பாகப் பிந்துவீர்கள். தமிழ்நாட்டு டாக்ஸி கேரளாவுக்குள் போக பர்மிட் வரி கட்ட வேண்டியிருக்கலாம், அதை முன்னாலேயே பேசிவிடுங்கள். பன்னாட்டு முனையம் சாக்கை பக்கம், உள்நாட்டு முனையம் சங்குமுகம் கடற்கரைப் பக்கம். டிரைவர் புதிது என்றால் ஒருதடவை சொல்லிவிடுவது நல்லது. இன்னொரு விசித்திரம்: பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாப சுவாமி கோயிலில் சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகிற ஆராட்டு ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்துதான் சங்குமுகம் போகிறது. அந்தச் சாயங்காலங்களில் சில மணி நேரம் விமானப் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். அந்த ஊரில் சாமிக்குப் பிறகுதான் ஏர்பஸ்.

மதுரையிலிருந்தும் துபாய், கொழும்பு, சிங்கப்பூர் என்று வெளிநாட்டு விமானம் போயிருக்கிறது. வளைகுடாவுக்கு நேரடிச் சேவை கிடைத்து, டிக்கெட் விலையும் ஒத்துவந்தால் சாலையைப் பொறுத்தவரை மதுரை பயணம் சுகமானது, நாலு வழி, நெரிசல் இல்லை. ஆனால் சேவை எண்ணிக்கை குறைவு. ஒன்று ரத்தானால் மறுநாள். திருவனந்தபுரத்தில் ஒரே நாளில் வளைகுடாவின் பல ஊர்களுக்கு விமானம் இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே முதல் தடவை போகிற பையனுக்கு நான் மதுரையைச் சொல்ல மாட்டேன்.

கையில் என்ன கொண்டுபோகிறீர்கள்

ரயிலில் தராசு இல்லை. சித்தி கட்டிக்கொடுக்கிற ஐந்து கிலோ உடன்குடிக் கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன் டப்பாக்கள், அல்வா, கருவாடு, தேங்காய் என்று கட்டைப்பை இரண்டு கூடினாலும் சீட்டுக்கு அடியில் போகும். விமானத்தில் 15 கிலோ கண்ணுக்கு முன்னால் கரைந்துவிடும். கருப்பட்டி, மக்ரூன் கைப்பையிலேயே போகலாம். மக்ரூனைச் சரக்கில் போடும் பெட்டியில் வைத்தால் ஊர் சேரும்போது தூளாகத்தான் இருக்கும். ஊறுகாயையும் நல்லெண்ணெயையும் கைப்பையில் விடுவது சந்தேகம். காய்ந்த கொப்பரையைச் சரக்கில் போடும் பெட்டியிலும் விட மாட்டார்கள், தீப்பற்றும் என்பது காரணம். கருவாட்டை மூன்று உறை போட்டு ஒட்டுங்கள்.

வாகைகுளம் போகும் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெல்லை–தூத்துக்குடி பஸ்கள் அந்த வழியாகத்தான் போகின்றன, ஆனால் இடைநில்லாப் பேருந்தில் ஏறிவிட்டால் வாகைகுளத்தில் நிற்காது. ஏறும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள். நெல்லையிலிருந்து வருகிறவர்கள் வல்லநாடு ஆற்றுப் பாலத்துக்கென்று கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு பக்கம் அடைத்து வேலை நடப்பது வழக்கமாகிவிட்டது. அதைத் தாண்டியதும் சுங்கச்சாவடி வேறு.

மற்ற ஊர்க்காரர்களுக்கு

பாளையங்கோட்டை, தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம்: வாகைகுளம் முக்கால் மணி நேரத்துக்குள். உங்களுக்குச் சென்னை விமானம் எங்களைவிட இன்னும் லாபம். நாகர்கோவில், தக்கலை பக்கம் இருக்கிறவர்கள் எதற்கும் இந்தப் பக்கம் திரும்ப வேண்டாம், திருவனந்தபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. வள்ளியூர்க்காரர்கள் சென்னைக்கு வாகைகுளம், வெளிநாட்டுக்குத் திருவனந்தபுரம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

கோவில்பட்டிதான் உண்மையிலேயே இழுபறி. மதுரை ஒன்றரை மணி நேரம், வாகைகுளம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மதுரையில் ஜெட் விமானம், அதிக சேவை, ஹைதராபாத், மும்பை, டெல்லி நேரடியாகவே போகலாம். எனவே நான் கோவில்பட்டிக்காரனாக இருந்தால் சென்னையைத் தவிர மற்றதற்கெல்லாம் மதுரை. தென்காசிக்கு வாகைகுளம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். வளைகுடா என்றால் ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனால் மலைப்பாதை. தென்மேற்குப் பருவத்தில் ராத்திரி நேரம் அந்த வழி வேண்டாம். சென்னைக்கு உங்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸே போதும்.

இந்தக் கணக்கு மாறுமா என்றால், மாறலாம். 3,115 மீட்டர் ஓடுதளம் ஏர்பஸ் 321 வந்து இறங்கவென்றே போட்டது. துறைமுகம் இருக்கிறது, வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்று, குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. மும்பைக்கோ டெல்லிக்கோ ஒரு நேரடி ஜெட் தொடங்கினால் மதுரையின் கவர்ச்சி பாதியாகிவிடும். ஆனால் ஒரு புதுச் சேவை அறிவித்த அன்றைக்கே அதை நம்பி வாழ்க்கையை மாற்றிக்கொள்ளாதீர்கள். இதே வாகைகுளத்தில் 1992 முதல் வாயுதூத், ஏர் டெக்கான், கிங்ஃபிஷர் என்று வந்து போனவர்கள் எத்தனை பேர். சேலத்தில் 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு தருகிற உடான் மானியத்தோடு ட்ரூஜெட் நிறுவனம் தொடங்கியது, 2021-ல் நின்றது. அடுத்த விமானம் அந்த ஊரில் இறங்க 2023 அக்டோபர் ஆயிற்று. அதனால் புதுச் சேவை ஒரு வருஷம் ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்.

இருக்கிற சேவைகளின் நேரமும் வருஷத்தில் இரண்டு தடவை மாறும், மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. அதற்குப் பிந்தைய தேதிக்கு இப்போதே டிக்கெட் போட்டிருந்தால், கிளம்பும் நேரம் மாறியிருக்கிறதா என்று ஏப்ரலிலும் நவம்பரிலும் ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி வரும்தான், ஆனால் அது டிக்கெட் போட்டுக்கொடுத்த கடைக்காரரின் நம்பருக்குப் போயிருக்கும்.